யாழ்ப்பாணம் வளர்கிறதா, பரவுகிறதா?

வலிகாமத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



புறநகர் வளர்ச்சியும் பிரதேச அபிவிருத்தியும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இது பொறியியலாளருக்கும் கச்சேரி உத்தியோகத்தருக்கும் உரிய விடயம், பொதுமக்களுக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்பாரும் உளர். காணி உறுதியொன்றைப் பெட்டகத்தில் வைத்திருப்போர் அனைவருக்கும் இதில் அலுவல் உண்டு. காணியே இல்லாதோர் அனைவருக்கும் அலுவல் உண்டு. கிணற்றில் வாளி விடுவோர் அனைவருக்கும் அலுவல் உண்டு. இவர்களை விலக்கினால் யாழ்ப்பாணத்தில் எஞ்சுவோர் எத்தனை பேர்?

முதலில் ஒரு கணக்கு. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் வாழ்ந்தோர் 118,224 பேர். 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அத்தொகை 88,138 ஆகக் குறைந்திருந்தது. மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், இன்றைய எல்லைக்குள் 1981இல் 738,788 பேர். 2012இல் 583,882 பேர். போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் நம்மிடமிருந்து கொண்டுபோன தொகை இது. அரசியல் மேடைகளில் இத்தொகையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயின், இதனோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்தவர் சிலரே. மக்கள் தொகை இன்னும் பழைய அளவை எட்டாத இதே மண்ணில் வீடுகள் பரவிக்கொண்டிருக்கின்றன. பலாலி வீதியாலும் காங்கேசன்துறை வீதியாலும் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், இணுவில், உரும்பிராய் என்று போகிறவர் இதனைக் கண்ணாரக் காணலாம். புகையிலையும் வெங்காயமும் நின்ற செம்பாட்டுத் தறையில் சீமெந்துக் கற்களும் மணற் குவியல்களும் கிடக்கின்றன. வேலி நின்ற இடத்தில் மதில் நிற்கிறது. நகரம் மக்களால் பெருகாமலே நிலத்தால் விரிகிறது. இதனை வளர்ச்சி என்று சொல்வதா, வெறும் பரவல் என்று சொல்வதா?

இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றுகூடத் தனி மனிதனின் கெட்ட எண்ணத்தால் விளைந்ததன்று. நமது தேசவழமை பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுக்கச் சொல்கிறது. 1707இல் ஒல்லாந்தர் அவ்வழக்குகளைத் தொகுத்து எழுதுவதற்கு முன்பும் வழமை அதுதான்; இன்றும் அதுதான். பேர்த்தியின் காலத்துக்கு வரும்போது, பத்துப் பரப்பு வளவு இரண்டு பரப்புத் துண்டுகளாகவும் ஒரு பரப்புத் துண்டுகளாகவும் ஆகிவிடுகிறது. துண்டு தோறும் ஒரு வீடு. வீடு தோறும் ஒரு கிணறு. கிணறு தோறும் அதற்கு அயலில் ஒரு மலகூடக் குழி. பெண்ணைப் பெற்றவர்மேல் இதில் பழியில்லை.

இன்னொரு காரணம் துப்பாக்கியால் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டுப் பெயர்க்கப்பட்டனர். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை முதலிய இடங்களின் செழுமையான மண் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. அம்மக்கள் தெற்கே உள்ள ஊர்களில் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாடகைக் காணிகளிலும் குடியேறினர். போர் 2009இல் ஓய்ந்த பின்னரும் காணிகள் ஒருசேர விடுவிக்கப்படவில்லை. மயிலிட்டித் துறைமுகப் பகுதிக்கு மக்கள் மீண்டும் கால்வைக்க 2017ஆம் ஆண்டு ஆயிற்று. இருபத்தேழு ஆண்டு என்பது ஒரு தலைமுறை. அத்தலைமுறை வேறோர் ஊரில் திருமணம் செய்து, பிள்ளை பெற்று, கல்வீடு கட்டிவிட்டது. ஒருபுறம் நல்ல மண் முட்கம்பிக்குள் தரிசாய்க் கிடக்க, மறுபுறம் நல்ல மண் வீடுகளுக்கடியிற் போயிற்று. புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணம் வேறு வழியின்றிக் காணியிலும் கட்டடத்திலும் போய்ச் சேர்வதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை இல்லாத ஊரில், வங்கி வட்டியை நம்பாத மனிதன் பணத்தை மண்ணிற் புதைக்கிறான்.

கிணற்றின் கீழ்க் கடல்

இவ்வளவில் நின்றிருந்தால் இது காணி விலையைப் பற்றிய பேச்சாக முடிந்திருக்கும். நமது குடாநாட்டின் இயல்பு அவ்வாறு விடுவதில்லை.

இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரிக்கு மட்டும் ஆறு. மகாவலி போல, களனி போல நம்மைத் தேடி வரும் நீர் எதுவுமில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் நமது முதலும் வட்டியும். அம்மழை செம்பாட்டு மண்ணூடாக இறங்கி, கீழுள்ள சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளிலும் பிளவுகளிலும் தங்குகிறது. அப்பாறை மூன்று பக்கமும் கடலாற் சூழப்பட்டது, அடியிலும் கடல்நீரே. உப்புநீரை விட நன்னீர் சற்று இலேசானது. ஆதலால் அது உப்புநீரின்மேல் ஓர் ஆடைபோல மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்திற்கு ஓரடி மேலே நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது பௌதிகக் கணக்கு. கேட்பதற்கு இனிமையான கணக்கு. ஆனால் அதனைத் திருப்பிப் படியுங்கள்: மேல்மட்டம் நிலையாக ஓரடி இறங்கினால், கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறிவர வழி திறக்கிறது. நிலாவரைக் கேணியின் மேல்நீர் நன்னீராயும் ஆழம் செல்லச் செல்ல உவராயும் இருப்பதைப் புதுமையாகக் காட்டுகிறோம். புதுமை ஒன்றுமில்லை. நாம் அனைவரும் குடியிருப்பது நிலாவரையின் மேல்தான்.

இப்போது ஒரு பரப்புக் காணியை எடுத்துக்கொள்வோம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை என வைத்தால், ஒரு பரப்பின்மேல் விழும் நீர் ஏறத்தாழ மூன்று இலட்சத்து இருபதாயிரம் லீற்றர். வெயில் குடிப்பதும் மரம் குடிப்பதும் வாய்க்காலில் ஓடுவதும் போக, மூன்றிலொரு பங்கு நிலத்துள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல். அதே பரப்பில் ஐந்து பேர் கொண்ட குடும்பம், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் வீதம் பாவித்தால், ஆண்டுச் செலவு ஒரு இலட்சத்து எண்பத்திரண்டாயிரம் லீற்றர். வரவு ஒன்று, செலவு ஏறக்குறைய ஒன்றே முக்கால். முற்றத்துக்குச் சீமெந்து போட்டு, கூரைநீரைத் தெருவாய்க்காலுக்குத் திருப்பிவிட்டால் வரவு இன்னும் சுருங்கும்.

அப்படியாயின் அந்தக் குடும்பம் இத்தனை காலமும் எப்படிக் குடித்தது? இரு வழிகளால். ஒன்று, அயலிலுள்ள தோட்டக் காணி அதற்காக மழையை வாங்கிக் கொடுத்தது. மற்றது, சொல்லக் கூச்சமான வழி: அதே வீட்டின் குளியல்நீரும் மலகூட நீரும் குழியூடாக இறங்கி மீண்டும் கிணற்றுக்கு வந்தன. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இத்தனை அடி இருக்கவேண்டும் என்று விதி உண்டு. மணல் நிலத்தில் அந்த விதிக்குப் பொருளுண்டு. பொந்தும் பிளவுமான சுண்ணாம்புப் பாறைக்கு அளவுநாடா தெரியாது. விதிப்படி உமது குழியை உமது கிணற்றிலிருந்து தள்ளி வைத்தால், அது அயலானின் கிணற்றுக்குக் கிட்டப் போகிறது. அவனும் விதிப்படியே உமக்கு அதனைத் திருப்பிச் செய்கிறான்.

வலிகாமக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உப்பு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்திருக்கின்றனர். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது கெடுக்கும். தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் வற்ற வற்ற அது செறிந்தே நிற்கும்.

இங்கே கமக்காரரைப் புனிதராக்கி நகரத்தானைப் பாவியாக்கும் எண்ணம் எனக்கில்லை. நிலத்தடி நீரில் பெரும்பங்கை இறைப்பது வீடு அல்ல, தோட்டம். துலா போய் இயந்திரம் வந்த நாளிலிருந்து, இறைப்புக்குக் கை வலிப்பதில்லை. கை வலிக்காதபோது கணக்கும் வருவதில்லை. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அளவின்றிப் போடும் யூரியாவும் அந்த நைத்திரேற்றில் பங்காளிதான். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கமக்காரர் நாளைக்கே பசளையைக் குறைக்கலாம், சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறலாம், ஒரு போகத்தைத் தரிசாக விடலாம். மதில் கட்டிச் சீமெந்து ஊற்றிய காணி மறுபடி மழையை வாங்கும் நிலமாக மாறியதை யாரேனும் கண்டதுண்டா?

சுன்னாகத்து மின்நிலையத்தின் அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் இந்த ஊர்களை உலுக்கிற்று. எண்ணெய் உண்டா, இல்லையா, எத்தனை தூரம் என்று ஆய்வுக்குழுக்களும் மறு ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசின. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பில், பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. வழக்கின் சட்ட நுணுக்கம் கிடக்கட்டும். நமக்கு வேண்டிய பாடம் வேறு. எண்ணெய் பிரதேச சபை எல்லையில் நின்று அனுமதி கேட்கவில்லை.

வெளியிலிருந்து நீர் வரட்டும் என்போர்

"கிணறு போனாற் போகட்டும், குழாய் வரும்" என்று சொல்வார் ஒரு சாரார். இவ்வாதத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஏனெனில் இதனால் தமிழரும் தமிழரும் முகம் பார்த்துப் பேசாத நிலை ஒருகாலத்தில் வந்தது.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் வழங்க இசைந்தது. இரணைமடுக் குளத்திலிருந்து குடாநாட்டுக்குக் குழாய்மூலம் குடிநீர் கொண்டுவருவது திட்டத்தின் மூலக் கருத்து. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். காலபோகத்தில் நீர் நிரம்பி வழியலாம்; சிறுபோகத்தில் வயலின் ஒரு பகுதிக்கே நீர் காணாதபோது யாழ்ப்பாணத்துக்கு எதனைக் கொடுப்பது என்று கேட்டனர். போர் முடிந்து, முகாமிலிருந்து திரும்பி, கண்ணிவெடி அகற்றிய வயலில் முதல் விதை போட்ட மக்கள் கேட்ட கேள்வி அது. யாழ்ப்பாணத்திலே சிலர் அதனைக் குறுகிய மனப்பான்மை என்றனர். அவ்வாறு சொன்னது நீதியன்று. பிரதேச அபிவிருத்தி என்ற பெயரால் ஒரு பிரதேசத்தின் புறநகருக்கு இன்னொரு பிரதேசத்தின் வயலை வற்றவிடுவது எந்தக் கணக்கில் அபிவிருத்தி? கொழும்பு நமக்குச் செய்தால் அநீதி என்போம். அதனையே நாம் கிளிநொச்சிக்குச் செய்தால் வேறு பெயரிடுவோமா?

ஈற்றில் இரணைமடு விலக்கப்பட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டது. 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட அந்நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், அதாவது இரண்டு கோடியே நாற்பது இலட்சம் லீற்றர் நீர் தரவல்லது. நல்லது. ஆனால் அந்நீர் மின்சாரத்தால் உப்பகற்றிய நீர். மின்சாரம் விலையேறினால் அதுவும் விலையேறும். பிரித்தெடுத்த உவர்நீர் கடலுக்கே திரும்புகிறது. அதுபற்றிக் கரையோரக் கடற்றொழிலாளர் எழுப்பிய அச்சத்தை அற்பமென்று தள்ளமுடியாது.

பலரும் காணாத இன்னொரு செய்தி உண்டு. குடிநீர்ப் பகுதி நிறைவேறியது. கழிவுநீர்ப் பகுதி நிறைவேறவில்லை. நகர் முழுவதையும் இணைக்கும் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி யாழ்ப்பாணத்துக்கு இல்லை. குழாயில் வரும் நீர் எங்கே போகும்? குளித்தபின், கழுவியபின், அதே குழிக்குத்தான் போகும். முன்னர் கிணற்றிலெடுத்து நிலத்திலிட்டோம். இனிக் கடலிலிருந்து கொண்டுவந்து நிலத்திலிடப் போகிறோம். குழாய்நீர் வரவர நிலத்தடி நீரின் அழுக்குக் கூடும். குழாய் போய்ச் சேராத ஒழுங்கையில் இருப்பவன் அதனைக் குடிப்பான். திட்டமிடுதல் என்றால் வரும் வழியோடு போகும் வழியையும் சேர்த்து எண்ணுதல். நாம் பாதியை எண்ணி மீதியைப் பூமிக்கு விட்டோம்.

பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1950களிலே யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் எண்ணத்தை முன்வைத்தார். கனகராயன் ஆற்றின் மிகைநீர் கடலில் வீழாமல் ஆனையிறவுக் கடனீரேரியில் தடுத்து, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொணர்ந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணை வைத்து உவரைப் போக்குவது அத்திட்டம். அதில் சில துண்டுகள் கட்டப்பட்டன, முழுமையாக இணைக்கப்படவில்லை. அத்திட்டத்தின் சிறப்பு என்னவெனில், கிளிநொச்சியின் வயலுக்குப் பயன்பட்டு மிஞ்சிக் கடலுக்குப் போகும் நீரையே அது கேட்டது; வன்னியையும் வலிகாமத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தது. எழுபது ஆண்டுகளாக நாம் அதனைப் பற்றிப் பேசி வருகிறோம். பேசியதில் ஒரு துளியேனும் கிணற்றுக்கு இறங்கியிருந்தால் குறை தீர்ந்திருக்கும்.

என் காணி, என் விருப்பம் என்போர்

இன்னொரு சாரார் நேரே சொல்வார்கள்: "என் காணி, என் பணம், எங்கே கட்டுவது என்று சபை எனக்குச் சொல்வதா?" இக்கேள்வி இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் இதே கேள்வியால் ஐம்பதாண்டு அரசியலே நடந்திருக்கிறது. 1973இல், தொம் மக்கோல் ஆளுநராக இருந்த காலத்தில், அம்மாநிலம் ஒரு சட்டம் செய்தது. ஒவ்வொரு நகரும் தன்னைச் சுற்றி ஓர் எல்லைக் கோடு வரையவேண்டும்; கோட்டுக்குள் கட்டலாம்; கோட்டுக்கு வெளியே வயலும் காடும். போட்லண்ட் நகரப் பிரதேசத்தின் கோடு 1979இல் வரையப்பட்டது. வருங்காலத் தேவையைக் கணக்கிட்டுக் கோட்டைச் சற்று நகர்த்தலாம். தனி மனிதர் தம் விருப்பப்படி தாண்டலாகாது.

காணிக்காரர் சும்மா இருக்கவில்லை. கோட்டால் என் காணியின் விலை குறைந்தால் நட்டஈடு தா, அல்லது என்னைச் சட்டத்திலிருந்து விடு என்னும் பிரேரணை 2004இல் மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. மூன்றாண்டு கழித்து, 2007இல், அதன் விளைவைக் கண்ட அதே மக்கள் இன்னொரு வாக்கெடுப்பால் அதனைக் கட்டுப்படுத்தினர். கோட்டுக்குள் காணி விலை ஏறிவிட்டது, ஏழை எங்கே போவான் என்னும் கண்டனமும் அங்கே உண்டு. அது பொய்யென்று சொல்லமாட்டேன்.

அந்நாட்டைப் பார்த்து அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. அங்கே ஆறுகள் ஓடுகின்றன. காணி ஏக்கர்க் கணக்கில் கிடக்கிறது. நான் எடுத்துக்கொள்வது ஒன்றையே. போட்லண்டின் கோட்டை வரைந்து காப்பது அந்நகர சபை அன்று. தலைநகர் வொஷிங்டனும் அன்று. மூன்று கவுண்டிகளிலும் இருபதுக்கு மேற்பட்ட நகரங்களிலும் வாழும் மக்கள் நேரே வாக்களித்துத் தெரியும் ஒரு பிரதேச மன்றம் அதனைச் செய்கிறது. ஆத்திரப்பட்ட காணிக்காரன் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரிந்திருக்கிறான். அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்கவும் முடியும். காணியின்மேல் ஒருவர் கைவைப்பதானால், அவர் என் வாக்குக்குப் பதில் சொல்லும் ஒருவராக இருக்கவேண்டும்.

இங்கே நிலைமை என்ன? யாழ்ப்பாண நகர் மாநகர சபையிடம். திருநெல்வேலியும் கோண்டாவிலும் நல்லூர்ப் பிரதேச சபையிடம். இணுவிலும் சுன்னாகமும் வலிகாமம் தெற்கிடம். உரும்பிராய் வலிகாமம் கிழக்கிடம். கட்டட அனுமதியை ஒவ்வொரு சபையும் தன் மேசையில் வைத்து வழங்குகிறது. இவற்றுக்கு மேலே, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபை கொழும்பிலிருந்து வர்த்தமானி மூலம் ஓரிடத்தை நகர்ப் பகுதி என்று பிரகடனப்படுத்தி, அதற்கொரு வரைபடம் போடுகிறது. கீழே தண்ணீர் ஒன்று. மேலே கையொப்பங்கள் பல. நடுவில் இருந்திருக்க வேண்டிய மாகாண சபையோ, 2013இல் தெரிவாகி, 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. அதிகாரப் பகிர்வு என்பதை நாம் கொடியாகவும் கோஷமாகவும் கண்டு பழகிவிட்டோம். அது ஒரு கிணற்றின் ஆழமும் ஒரு குழியின் தூரமும்கூட என்பதை இந்த வெற்றிடம் காட்டுகிறது.

கொழும்பு வரைந்த படங்களை நம்பலாமே என்பார்க்கு ஒரு வார்த்தை. கொழும்பு தன் வாசலிலே தான் வரைந்த படத்தைத் தானே காத்ததா? பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்புக்கு அறிக்கை எழுதினார். 1940களின் இறுதியில் அபர்குரொம்பி வந்து, நெரிசலைப் பிரித்து இரத்மலானை, ஓமகம, றாகம ஆகிய இடங்களில் துணை நகரங்கள் அமைக்கச் சொன்னார். நகர் அவர் சொன்னபடி வளரவில்லை. வீதிகளின் இருமருங்கும் வால்போல் நீண்டு, சதுப்பு நிலங்களை மண்ணிட்டு நிரப்பிப் பரவியது. 2010 நவம்பர் மழையில் வெள்ளம் சிறீ ஜயவர்த்தனபுரத்து நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. அதன்பின்பே சதுப்பு நிலம் வீண்நிலமன்று, வெள்ளத்தை வாங்கும் பாத்திரம் என்னும் ஞானம் வந்தது. 2018இல் கொழும்பு ஈரநில நகரம் என்னும் சர்வதேசச் சான்றும் பெற்றது. பிந்தியேனும் வந்த ஞானத்தைப் பாராட்டுவோம். 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இலங்கை நிலத்தில் நூற்றுக்கு ஆறுக்கும் குறைந்த பங்கான மேல்மாகாணத்தில் குடிசனத்தில் நூற்றுக்கு 28.7 பங்கு வாழ்ந்தது. ஏனைய பிரதேசங்களில் தொழில் இல்லாமையே அந்நெரிசலின் தாய் என்பதை மட்டும் அவ்வரைபடங்கள் கடைசிவரை தீர்க்கவில்லை.

செய்யக்கூடியது

மாகாண சபை வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 2025 மே மாதத் தேர்தலால் உள்ளூராட்சி சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் அமர்ந்திருக்கின்றனர். மாநகர சபையும் நல்லூர், வலிகாமப் பிரதேச சபைகளும் ஒரே மேசையில் கூடி, கட்சி நிறங்களை வாசலில் விட்டுவிட்டு, ஒரே வரைபடத்தை வைத்துக்கொள்ளலாம். எந்தச் செம்பாட்டுத் தறை மழையை அதிகம் வாங்குகிறது, எந்தக் குளம் தூர்ந்தது, எந்த வெள்ளவாய்க்கால் மதிலுக்குள் மறைந்தது, எந்தக் கிணற்றில் எவ்வளவு நைத்திரேற்று என்பவற்றை அதில் குறிக்கலாம். பல்கலைக்கழகம் திருநெல்வேலியில், அந்தக் கேள்விக்குரிய மண்ணின் மேலேயே இருக்கிறது; ஆய்வாளருக்குப் பஞ்சமில்லை.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டம், நெற்காணியை நிரப்புவதற்கு ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியை வேண்டுகிறது. அந்த விதி நெல்வயலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தோட்டத் தறையை அன்று. வலிகாமத்தின் நீரை வாங்கும் நிலம் பெரும்பாலும் தோட்டத் தறையே. நாடாளுமன்றத்திலுள்ள நமது பிரதிநிதிகள் ஒரு திருத்தப் பிரேரணையேனும் கொண்டுவரலாம். தோற்றாலும் பதிவில் நிற்கும்.

இனி, மிகக் கவனமாகச் சொல்லவேண்டிய ஒன்று. கோடு வரைதல் என்பது ஏற்கெனவே காணி உள்ளவனுக்கு வேலியாகவும் காணியற்றவனுக்கு வாயிற்கதவாகவும் மாறிவிடலாம். ஒரு பரப்புக்கும் குறைந்த துண்டில் நெருங்கி வாழ்வோர் எல்லோரும் ஆசையால் அங்கே போனவரல்லர். தலைமுறை தலைமுறையாக நல்ல காணி விற்கப்பட மறுக்கப்பட்டோர் அவருள் உளர். பெயர்க்கப்பட்டு வந்தோர் உளர். கடலோரத்தில் நெருக்குண்டு கிடக்கும் தொழிலாளர் உளர். அவர்களிடம் போய் "உமது காணி சிறிது, அனுமதி இல்லை" என்று சொல்லும் திட்டம் திட்டமன்று. பழைய கொடுமைக்குப் புதிய முத்திரை. ஆகவே அனுமதி மறுக்கும் முன்னர், நகரின் உள்ளே வெறுமையாகக் கிடக்கும் காணிகளையும் பூட்டிய வீடுகளையும் கணக்கெடுக்க வேண்டும். நகருக்குள்ளே இரண்டு மாடி, மூன்று மாடிக் குடியிருப்புகளைப் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்போடு கட்டவேண்டும். சிறு துண்டுகளில் நெருங்கியுள்ள இடங்களில், பத்து வீட்டுக்கு ஒரு நீர் கசியாத் தொட்டியைச் சபைச் செலவில் அமைத்து, சபை வண்டியால் அகற்றவேண்டும். ஏழையின் குழிக்குச் சபை பொறுப்பேற்பது தருமமன்று. அதே நீரைத்தான் உறுப்பினரும் குடிக்கிறார்.

குளங்களைப் பற்றி நீளப் பேச நேரமில்லை. 2021இல் ஆரியகுளம் திருத்தப்பட்டபோது ஊரார் மாலையில் போய் நின்று பார்த்தார்கள். அழகு நன்று, அதனினும் நன்று, ஒவ்வொரு குறிச்சியிலும் தூர்ந்த சிறு குளத்தை ஒரு முழம் தோண்டி மாரிநீரை நிறுத்துவது. அதற்குக் கடனும் வேண்டாம், கொழும்பின் கையொப்பமும் வேண்டாம்.

சபைகளின் வரவு செலவுத் திட்டங்கள் ஆண்டிறுதியில் சபைக்கு வரும். உங்கள் வட்டார உறுப்பினர் உங்கள் ஒழுங்கைக்கு மின்விளக்கும் கொங்கிறீற்றும் தருவதாகச் சொல்லி வருவார். வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டு இவற்றையும் கேளுங்கள்: எங்கள் குறிச்சிக் கிணறுகளின் நீரைச் சோதிக்க எத்தனை ரூபா ஒதுக்கினீர்? சென்ற ஆண்டில் தோட்டத் தறையில் எத்தனை வீட்டுக்கு அனுமதி கொடுத்தீர்? அதனை அயற் சபையோடு ஒருநாளேனும் இருந்து பேசினீரா?